மலேரியா ஒட்டுண்ணியின் மரபணுப் பன்மையை ஆராய்வது எப்படி? ரத்தத்துளி முதல் முடிவு வரை

பெரு நாட்டின் வடமேற்கு மூலையில், ஈக்வடார் எல்லையை ஒட்டி, தும்பெஸ் என்ற கடலோரப் பகுதி இருக்கிறது. சில ஆண்டுகளாக அங்கே ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி இனம் தரும் மலேரியா இல்லாமல் இருந்தது. 2010இல் மறுபடி வந்தது, 2012 வரை நீடித்தது. எங்கிருந்து வந்தது? உள்ளூரிலேயே யார் உடம்பிலாவது பதுங்கியிருந்ததா, எல்லை தாண்டி வந்ததா, ஆண்டிஸ் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அமேசான் காட்டிலிருந்து வந்ததா? நோயாளிகளை விசாரித்து மட்டும் இதற்கு உறுதியான பதில் சொல்ல முடியாது. அதனால் ஒட்டுண்ணியின் மரபணுவைப் பார்த்தார்கள். கிடைத்த ஒட்டுண்ணிகள் ஒரே வம்சாவளியைச் சேர்ந்தவை. பெருவின் அமேசான் பகுதியில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த வம்சாவளி அது. அதோடு, பல விரைவுப் பரிசோதனை அட்டைகள் தேடும் எச்ஆர்பி2 புரதத்தின் மரபணுவே அதில் இல்லை. அந்த அட்டையை மட்டும் நம்பியிருந்தால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்றே காட்டியிருக்கும்.

இந்த வகை ஆய்வைச் செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு மலேரியாவை எடுத்திருப்பவர்கள், முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டில் இருப்பவர்கள், பொதுச் சுகாதாரத் துறையில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ள விரும்புபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் ‘எந்த சாஃப்ட்வேர்?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் இந்த ஆய்வுகள் கெட்டுப்போவது சாஃப்ட்வேரில் இல்லை. மாதிரி எடுத்த விதத்திலும், ஒரு துளி ரத்தத்துக்குள் எத்தனை ஒட்டுண்ணி வகைகள் இருந்தன என்று பார்க்காமல் விட்டதிலும்தான் கெடுகின்றன. அதனால் அந்த இரண்டு இடங்களில் நிறைய நேரம் நிற்கப்போகிறேன்.

தொடங்கும் முன்: இந்த உயிரி எப்படி இனப்பெருக்கம் செய்கிறது?

நம் உடலில் இருக்கும்போது மலேரியா ஒட்டுண்ணி ஒற்றைமயமானது. அதாவது ஒவ்வொரு மரபணுவிலும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். சிவப்பணுவுக்குள் அது தன்னைத்தானே பிரதி எடுத்துப் பெருகுகிறது. இந்தக் கட்டத்தில் புதிய மரபணுச் சேர்க்கை எதுவும் நடப்பதில்லை. கொசுவின் வயிற்றுக்குள் போன பிறகுதான் ஆண், பெண் செல்கள் இணைகின்றன. கொஞ்ச நேரம் இரட்டைமயமாக இருந்து, குன்றல் பிரிவு நடந்து, மீண்டும் ஒற்றைமயமாகிவிடுகிறது. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் பார்த்த உருண்டைகள் அந்த இணைப்புக்குப் பிறகு வளர்பவைதான்.

இதில் கவனிக்க வேண்டியது, கொசு எத்தனை வகை ஒட்டுண்ணிகளைக் குடித்தது என்பது. கடிபட்டவர் உடலில் ஒரே வகைதான் இருந்தது என்றால், கொசுவுக்குள் அது தன்னோடு தானே கலக்கும். பிறக்கும் சந்ததி தாய் வகையின் நகலாகவே இருக்கும். இரண்டு மூன்று வகைகள் இருந்தால் அவை ஒன்றோடொன்று கலந்து புதிய சேர்க்கைகள் பிறக்கும். ஆக, நோய் அதிகமாகப் பரவும் இடத்தில் ஒருவர் உடலிலேயே பல வகைகள் சேர்கின்றன, கலப்பும் அதிகம். நோய் குறைவாகப் பரவும் இடத்தில் ஒரே வகை திரும்பத் திரும்பத் தன்னையே நகலெடுக்கிறது.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, உலகின் ஒன்பது இடங்களிலிருந்து எடுத்த ஃபால்சிபாரம் மாதிரிகளை 12 மைக்ரோசாட்டிலைட் குறிகளால் (குறி என்றால் ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி வேறுபடும் டிஎன்ஏ பகுதி; மைக்ரோசாட்டிலைட் என்ன என்பது மூன்றாம் படியில்) ஒப்பிட்டு இந்தப் படத்தை அழகாகக் காட்டியது. ஆப்பிரிக்காவில் பன்மை மிக அதிகம், இடத்துக்கு இடம் வேறுபாடு குறைவு. தென் அமெரிக்காவில் பன்மை குறைவு, இடத்துக்கு இடம் வேறுபாடு அதிகம். இன்று வரை எல்லாரும் தங்கள் முடிவை வைத்துப் பார்க்கும் அளவுகோல் அதுதான். ஆனால் வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி இனம் இந்த விதிக்கு அப்படியே கட்டுப்படாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

‘எங்கள் மாவட்டத்தில் வைவாக்ஸின் மரபணுப் பன்மை’ என்பது தலைப்பு, கேள்வி இல்லை. கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்: ‘மழைக்குப் பிறகு நகரத்தில் வரும் நோயாளிகளிடம் இருப்பது சென்ற ஆண்டு உள்ளூரில் சுற்றிய அதே ஒட்டுண்ணிதானா, புதிதாக வந்ததா?’ அல்லது, ‘ஆற்றின் இரு கரையிலும் உள்ள ஊர்களுக்கிடையே ஒட்டுண்ணி போய்வருகிறதா?’ அல்லது, ‘மருந்து சாப்பிட்ட 21ஆம் நாள் மறுபடி காய்ச்சல் வந்தவருக்குப் பழைய கிருமியே மிஞ்சியதா, புதுக் கொசுக்கடியா?’

மூன்றுக்கும் மாதிரி எடுக்கும் விதம் வேறு, குறிகள் வேறு, கணக்கு வேறு. கடைசிக் கேள்விக்கு எம்எஸ்பி1, எம்எஸ்பி2, கிளர்ப் என்ற மூன்று மரபணுக்களின் நீள வேறுபாடு பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருக்கிறது. முதல் இரண்டுக்கு அவை உதவாது. ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை நம் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படும் புரதங்களின் மரபணுக்கள். உடம்பு அடையாளம் கண்டு தாக்குவதால் அவற்றில் பன்மை செயற்கையாகக் கூடியே இருக்கும். ஊருக்கு ஊர் போக்குவரத்தை அளக்க நடுநிலையான குறிகள் வேண்டும்.

இரண்டாம் படி: மாதிரி எடுப்பது

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒப்புதல், ரத்தம் எடுத்த கையோடு சிகிச்சை. இந்த மூன்றும் இல்லாமல் ஊசியைத் தொடக் கூடாது. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறீர்கள் என்றால் அதற்கு இந்தியாவில் தனி அனுமதி தேவை. அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் முதலிலேயே விண்ணப்பியுங்கள்.

விரல் நுனியில் குத்தி, ஃபில்டர் பேப்பரில் இரண்டு மூன்று சொட்டு வைத்தால் போதும். ஒரு சொட்டு ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர். நிழலில் நன்றாகக் காய வேண்டும். வெயிலில் காய வைக்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். காய்ந்த பிறகு ஒரு பேப்பருக்கு ஒரு ஜிப்லாக் கவர், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் ஈரம் ஏறிவிட்டது, உடனே மாற்றுங்கள். ஒரு முறை களத்தில் கவர் தீர்ந்துபோய், ஒரே குடும்பத்தின் ஐந்து பேப்பர்களை ஒரே கவரில் போட்டு எடுத்து வந்தோம். ஐந்திலும் ‘ஒரே ஒட்டுண்ணி’ வந்தது. குடும்பத்துக்குள் பரவியதா, பேப்பரிலிருந்து பேப்பருக்குப் பரவியதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஐந்தையும் ஒதுக்கிவிட்டோம். அந்தக் குடும்பம் கொடுத்த ரத்தம் வீணானது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ரத்தத்தைவிட முக்கியம் அதோடு வரும் குறிப்பு. வயது, பால், தேதி, ஊர் எல்லாரும் எழுதுவார்கள். விட்டுப்போவது பயண விவரம். கடந்த ஒரு மாதத்தில் எங்கே தூங்கினார்? கட்டிட வேலைக்கு ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்து பத்து நாள் ஆனவரை ‘சென்னை மாதிரி’ என்று பதிந்துவிட்டால், பின்னால் எந்தக் கணக்கும் அதைத் திருத்தாது. வைவாக்ஸ் என்றால் ஒரு மாதமும் போதாது. அது கல்லீரலில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உறங்கி மறுபடி எழும். அதனால் ஓராண்டுக்காவது பயணமும், இதற்கு முன் மலேரியா வந்ததா, உறங்குவதை அழிக்கும் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாளும் முழுதாகச் சாப்பிட்டாரா என்பதும் வேண்டும்.

எத்தனை மாதிரி? ஓர் இடத்துக்கு 30க்குக் கீழே போனால் அல்லீல் (ஒரு குறியின் மாற்று வடிவம்) விகிதங்களை நம்ப எனக்குத் தயக்கம். இரண்டு இடங்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் ஒரே பருவத்தில் எடுங்கள். ஒன்றை 2015இலும் இன்னொன்றை 2022இலும் எடுத்துவிட்டு வேறுபாட்டை ஊர் மேல் போடக் கூடாது, அது காலத்தின் வேறுபாடாகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எடுத்தால் காய்ச்சலோடு வருபவர்கள்தான் கிடைப்பார்கள். அறிகுறியில்லாமல் ஒட்டுண்ணியைச் சுமப்பவர்களிடம் பன்மை வேறு மாதிரி இருக்கலாம். இரண்டையும் கலந்தால் கலந்தீர்கள் என்று எழுதுங்கள்.

மூன்றாம் படி: டிஎன்ஏவும் குறிகளும்

பேப்பரிலிருந்து டிஎன்ஏ பிரிப்பதற்குக் கிட் இருக்கிறது, செலக்ஸ் என்ற பிசினைப் பயன்படுத்தும் முறையும் இருக்கிறது. கையில் பணம் எவ்வளவோ அதைப் பொறுத்தது. முதலில் பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் முறை) செய்து எந்த இனம் என்று உறுதி செய்யுங்கள். மைக்ரோஸ்கோப்பில் வைவாக்ஸ் என்று எழுதியதில் ஃபால்சிபாரமும் கலந்திருப்பது இந்தியாவில் அபூர்வம் இல்லை.

குறிகளில் மூன்று வழிகள். மைக்ரோசாட்டிலைட் என்பது ‘டிஏ டிஏ டிஏ’ போல எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதி. ஃபால்சிபாரத்தின் மரபணுத்தொகுதியில் 80 சதவீதத்துக்கு மேல் ஏ, டி எழுத்துகள்தான் என்பதால் இவை கொட்டிக் கிடக்கின்றன. செலவு குறைவு, ஒவ்வொரு குறியிலும் பல அல்லீல்கள் கிடைக்கும். ஆனால் ஒரு லேபில் 174 எழுத்து நீளம் என்று படித்தது இன்னொரு லேபில் 176 ஆகலாம். ஒவ்வொரு தட்டிலும் 3டி7 போன்ற ஒரே கட்டுப்பாட்டு டிஎன்ஏவை வைத்தால்தான் ஒப்பிட முடியும். அந்த 3டி7க்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. நெதர்லாந்தை விட்டு வெளியே போகாத, ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அருகே வசித்த ஒருவரிடம் எடுத்த என்எஃப்54 என்ற ஒட்டுண்ணியிலிருந்து பிரித்தெடுத்த குளோன் (ஒரே ஒட்டுண்ணியிலிருந்து பெருகிய நகல்கள்) அது. 2002இல் முழு மரபணுத்தொகுதி படிக்கப்பட்டதும் அதைத்தான்: 14 குரோமோசோம்கள், ஏறக்குறைய 2.3 கோடி எழுத்துகள்.

இரண்டாவது வழி, எஸ்.என்.பி. பார்கோடு. ஒற்றை எழுத்து மாறும் இடங்களில் 24 அல்லது அதற்கு மேல் தேர்ந்தெடுத்துப் படிப்பது. லேபுக்கு லேப் ஒப்பிடலாம். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் இரண்டே எழுத்து வாய்ப்பு என்பதால் கலப்புத் தொற்றைப் பிரிப்பது கடினம். மூன்றாவது, ஆம்ப்ளிகான் சீக்வென்சிங். சின்னச் சின்னப் பகுதிகளை முழுதாகப் படிப்பதால் ஒவ்வொரு பகுதியும் பல அல்லீல்களைத் தரும், கலப்பில் சிறுபான்மையாக இருப்பதையும் காட்டும். இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு வசதி இருந்தால் இதைத்தான் சொல்வேன். கையில் இருக்கும் ஏபிஐ கருவியில் (டிஎன்ஏ துண்டின் நீளத்தை அளப்பது) மைக்ரோசாட்டிலைட் மட்டும்தான் செய்ய முடியும் என்றாலும் குறையில்லை, பத்துப் பன்னிரண்டு குறிகளைச் சுத்தமாகச் செய்தால் நல்ல ஆய்வு எழுதலாம்.

முழு மரபணுத்தொகுதியும் படிக்க வேண்டும் என்றால் காய்ந்த துளியில் மனித டிஎன்ஏதான் பெரும்பகுதி. ஒட்டுண்ணியின் டிஎன்ஏவை மட்டும் தேர்ந்து பெருக்கும் முறை உண்டு, ஒட்டுண்ணி எண்ணிக்கை குறைவான மாதிரிகளில் அது சரியாக வராது. சொந்த மாதிரி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. மலேரியாஜென் கூட்டமைப்பு வெளியிட்ட பிஎஃப்7 தொகுப்பில் 33 நாடுகளின் 20,000க்கும் மேற்பட்ட ஃபால்சிபாரம் மாதிரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு லேப்டாப்பும் பொறுமையும் இருந்தால் கல்லூரி மாணவரே அதில் வேலை செய்யலாம்.

நான்காம் படி: ஒரு துளிக்குள் எத்தனை?

இங்கேதான் நிதானம் வேண்டும். நம் ரத்தத்தில் ஒட்டுண்ணி ஒற்றைமயம் என்றேன். அப்படியானால் ஒரு குறியில் இரண்டு அல்லீல்கள் தெரிந்தால் அங்கே இரண்டு வகைகளாவது இருக்கின்றன என்று பொருள். இதை ‘ஹெட்டரோசைகஸ்’ (ஒரே உயிரியில் ஒரு மரபணுவின் இரு வேறு பிரதிகள்) என்று எழுதும் கட்டுரைகளை இன்னும் பார்க்கிறேன். மனிதர்களுக்கு எழுதிய புரோகிராமில் அப்படியே போட்டு, இரட்டைமய உயிரிகளுக்கான ஹார்டி-வெயின்பெர்க் சோதனை வேறு செய்திருப்பார்கள். அந்தச் சோதனைக்கு இங்கே அர்த்தமே இல்லை.

மைக்ரோசாட்டிலைட்டில் ஒவ்வொரு அல்லீலையும் கருவி வரைபடத்தில் ஓர் உச்சியாகக் காட்டும்; முக்கிய உச்சிக்குப் பக்கத்தில் நிழல் உச்சிகள் வரும். அவை பிசிஆர் வழுக்கலால் வருபவை, தனி வகைகள் அல்ல. பரவலான வழக்கம் என்னவென்றால், இரண்டாவது உச்சி முதல் உச்சியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால்தான் அதை அல்லீலாக எடுத்துக்கொள்வது. எந்த விதியை எடுத்தாலும் எல்லா மாதிரிக்கும் அதையே வையுங்கள், கட்டுரையில் எழுதுங்கள்.

சரி, கலப்புத் தொற்று வந்துவிட்டது. பலரும் செய்வது, ஒவ்வொரு குறியிலும் உயரமான உச்சியை எடுத்துக் கோத்து ஒரு வரிசையாக்குவது. அதில் உள்ள ஆபத்தைப் பாருங்கள். இரண்டு வகைகள், 12 குறிகள், எல்லாவற்றிலும் இரண்டும் வேறுபடுகின்றன என்று வைப்போம். அந்த அல்லீல்களை 4,096 விதமாகக் கோக்கலாம். உண்மையில் இருப்பவை இரண்டே இரண்டு. இரு வகைகளும் சமமாக இருந்தால் எந்தக் குறியில் எது உயரமாக வரும் என்பது பிசிஆரின் விருப்பம். நீங்கள் எழுதும் வரிசை உலகில் எங்குமே இல்லாத ஓர் ஒட்டுண்ணியாக இருக்கும். இப்படி உருவாகும் போலி வரிசைகள் பன்மையைக் கூட்டிக் காட்டும், குளோன் பரவலை மறைத்துவிடும்.

அதனால் என் பழக்கம் இது. ஒரு குறியில்கூட இரண்டு அல்லீல் இல்லாதவை தெளிவான ஒற்றைத் தொற்றுகள், எந்தக் கணக்குக்கும் வரலாம். ஒரே ஒரு குறியில் மட்டும் இரண்டு வந்தால் முக்கிய வரிசையை ஓரளவு நம்பலாம். அதற்கு மேல் போனால் வரிசை எழுதுவதில்லை. அல்லீல் விகிதங்களுக்கு மட்டும் பயன்படுத்துவேன். ஒரு மாதிரியில் எத்தனை வகைகள் என்பதை மதிப்பிட ‘ரியல் மெக்காய்ல்’ போன்ற நிரல்கள் இருக்கின்றன. முழு மரபணுத்தொகுதி இருந்தால் ஒரு தொற்றுக்குள் இருக்கும் பன்மையை மொத்தக் கூட்டத்தின் பன்மையோடு ஒப்பிடும் எஃப்.டபிள்யூ.எஸ். என்ற அளவு உண்டு, அது 0.95க்கு மேல் இருந்தால் ஒற்றைத் தொற்று என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஒட்டுண்ணி எண்ணிக்கை மிகக் குறைவான துளியில் சிறுபான்மை வகை கண்ணில் படாமல் போகும் என்பதால் பிசிஆரை இரண்டு முறையாவது தனித்தனியாகச் செய்து ஒப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: பன்மையை எண்ணாக்குவது

ஹெட்டரோசைகாசிட்டி என்று பெயர் இருந்தாலும் பொருள் எளிது: கூட்டத்திலிருந்து இரண்டு ஒட்டுண்ணிகளை எடுத்தால் அவை இந்தக் குறியில் வேறுபட எவ்வளவு வாய்ப்பு? ஒற்றைத் தொற்றுகள் 20 இருக்கின்றன, நான்கு அல்லீல்கள் முறையே 8, 6, 4, 2 பேரிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். விகிதங்கள் 0.4, 0.3, 0.2, 0.1. வர்க்கங்களின் கூட்டல் 0.16 + 0.09 + 0.04 + 0.01 = 0.30. ஒன்றிலிருந்து கழித்தால் 0.70. மாதிரி சிறியது என்பதற்காக 20/19ஆல் பெருக்கினால் 0.74. இதை எல்லாக் குறிகளுக்கும் செய்து சராசரி எடுங்கள். ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள், அப்புறம் கணினியிடம் கொடுங்கள்.

‘மொத்தம் எத்தனை அல்லீல்கள்’ என்பதையும் எழுதுவார்கள். அது மாதிரி எண்ணிக்கையோடு கூடிக்கொண்டே போகும். 80 மாதிரி உள்ள ஊரையும் 25 மாதிரி உள்ள ஊரையும் அப்படியே ஒப்பிடாதீர்கள், சின்ன எண்ணுக்குச் சமன் செய்து ஒப்பிடுங்கள்.

ஆறாம் படி: குளோன்களைத் தேடுங்கள்

இனக்கூட்ட அமைப்புக்குப் போகும் முன் ஒரே வரிசை எத்தனை பேரிடம் திரும்ப வருகிறது என்று பாருங்கள். பிறகு, வெவ்வேறு குரோமோசோம்களில் உள்ள குறிகள் ஒன்றாகவே பயணிக்கின்றனவா என்று பாருங்கள். நன்றாகக் கலக்கும் கூட்டத்தில் ஒரு குறியின் அல்லீலை வைத்து இன்னொன்றை ஊகிக்க முடியாது. குளோன் பரவலில் முடியும். இந்தச் சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டும்: எல்லா மாதிரிகளோடும் ஒரு முறை, ஒவ்வொரு வரிசையையும் ஒரே ஒரு தடவை மட்டும் வைத்து இன்னொரு முறை. முதலில் இந்தப் பிணைப்பு (குறிகள் ஒன்றாகப் பயணிப்பது) தெரிந்து, இரண்டாவதில் மறைந்துவிட்டால் அடிப்படையில் கலக்கும் கூட்டம்தான், அண்மையில் ஒரு குளோன் வேகமாகப் பரவியிருக்கிறது.

செனகலின் தியெஸ் நகரத்தில் 24 எஸ்.என்.பி. பார்கோடை வைத்து ஆண்டுக்கணக்கில் இதைக் கவனித்தார்கள். கொசுவலையும் சிகிச்சையும் கூடிய பிறகு ஒரே பார்கோடு உள்ள தொற்றுகள் அதிகமாகத் தெரியத் தொடங்கின. நோய்ப் பரவல் இறங்கியதை ஒட்டுண்ணியின் மரபணுவே காட்டியது.

ஏழாம் படி: ஊருக்கு ஊர் வேறுபாடு

இரண்டு கூட்டங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் எஃப்.எஸ்.டி. என்ற அளவு எல்லாரும் அறிந்தது. ஓர் எஸ்.என்.பி.யில் ஓர் அல்லீல் ஓர் ஊரில் 0.2, இன்னோர் ஊரில் 0.8 என்றால், ஊருக்குள் பன்மை 0.32, இரண்டையும் சேர்த்தால் 0.50. வேறுபாடு 0.18ஐ 0.50ஆல் வகுத்தால் 0.36. பெரிய வேறுபாடு.

இப்போது மைக்ரோசாட்டிலைட்டுக்கு வருவோம். இரண்டு ஊர்கள், இரண்டிலும் பன்மை 0.90, ஆனால் ஓர் அல்லீல்கூடப் பொதுவில் இல்லை. முழுக்க முழுக்க வேறு கூட்டங்கள். சேர்த்துப் பார்த்தால் பன்மை 0.95. எஃப்.எஸ்.டி. வெறும் 0.05! ‘வேறுபாடு குறைவு, ஒட்டுண்ணி தாராளமாகப் போய்வருகிறது’ என்று எழுதிவிடுவார்கள். இது எண் செய்யும் மாயம். பன்மை அதிகமான குறிகளில் எஃப்.எஸ்.டி. உயரவே முடியாது. ஜோஸ்ட் டி என்ற அளவு இதே தரவுக்கு 1 என்று காட்டும். வைவாக்ஸ் மைக்ரோசாட்டிலைட்டில் பன்மை வழக்கமாகவே அதிகம் என்பதால், அதில் எஃப்.எஸ்.டி. மட்டும் போட்ட கட்டுரையை நான் முழுதாக நம்புவதில்லை.

அப்புறம், மாதிரிகளைக் கூட்டங்களாகப் பிரிக்கும் ‘ஸ்ட்ரக்சர்’, ‘அட்மிக்சர்’ போன்ற நிரல்கள். வண்ணப்பட்டைகளாக அழகான படம் தரும். ஆனால் அவை குறிகள் ஒன்றையொன்று சாராமல் இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன. ஒரே குளோனின் 15 பிரதிகளை உள்ளே விட்டால் அந்தக் குளோனையே ஒரு தனிக் ‘கூட்டம்’ என்று காட்டும். பிரதிகளை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். கே எண்ணை (மொத்தம் எத்தனை கூட்டங்கள் என்பதை) டெல்டா-கே முறையில் மட்டும் முடிவு செய்யாதீர்கள். அந்த முறைக்கு கே ஒன்று என்ற விடையைச் சொல்லவே தெரியாது. அதாவது அமைப்பே இல்லாத இடத்திலும் இரண்டு கூட்டம் இருப்பதாகக் காட்டும். பிசிஏ படத்தையும் (மரபணு ஒற்றுமை உள்ள மாதிரிகளை அருகருகே புள்ளிகளாகக் காட்டுவது) பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் எழுதுங்கள்.

கூட்டங்கள் பிரிந்து தெரிந்தாலும் காரணம் எப்போதும் தூரம் இல்லை. 2013இல் வெளிவந்த ஆய்வில், மேற்குக் கம்போடியாவின் சிறிய பரப்புக்குள்ளேயே ஃபால்சிபாரம் பல தனிக் கூட்டங்களாகப் பிரிந்து கிடந்தது. ஆர்டிமிசினின் மருந்துக்கு எதிர்ப்பு உள்ளவை அண்மையில் வேகமாகப் பெருகித் தனித்தனிக் கூட்டங்களாகியிருந்தன. மலையும் ஆறும் பிரிக்காததை மருந்து பிரித்திருந்தது.

எட்டாம் படி: உறவுமுறையைப் பார்ப்பது

எஃப்.எஸ்.டி. நெடுங்காலத்தின் சராசரி. ‘போன மாதம் யார் யாருக்குக் கொடுத்தார்?’ என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. அதற்கு ஐபிடி என்ற முறை: இரண்டு ஒட்டுண்ணிகள் ஒரே மூதாதையிடமிருந்து அப்படியே பெற்ற துண்டுகள் மரபணுத்தொகுதியில் எத்தனை பங்கு என்று கணிப்பது. நகல்கள் என்றால் 1, உடன்பிறப்புகள் என்றால் ஏறக்குறைய 0.5. தலைமுறைக்குத் தலைமுறை மறுசேர்க்கை அந்தத் துண்டுகளை நறுக்கிக்கொண்டே போகும். அதனால் நீளமான பொதுத் துண்டு என்றால் அண்மையில் பிரிந்தவை. இதைக் கணிக்கும் நிரல்களில் எச்எம்எம்ஐபிடி ஒற்றைத் தொற்றுகளுக்கு, டிசைஃபர் கலப்புத் தொற்றுகளுக்கும். இதற்குக் குறிகள் நிறைய வேண்டும், பன்னிரண்டு மைக்ரோசாட்டிலைட்டை வைத்துக்கொண்டு உடன்பிறப்பு என்று சொல்ல முடியாது.

ஒன்பதாம் படி: மருந்து எதிர்ப்பு மரபணுக்களைத் தனியே வையுங்கள்

நடுநிலைக் குறிகளோடு இவற்றைச் சேர்த்து எஃப்.எஸ்.டி. போடக் கூடாது. இவை தனிக் கதை சொல்பவை. குளோரோகுயின் எதிர்ப்பைத் தரும் பிஎஃப்சிஆர்டி மரபணுவில் 72 முதல் 76 வரையிலான ஐந்து அமினோ அமில இடங்களைப் படித்தால், எதிர்ப்பு எங்கே தோன்றி எப்படிப் பயணித்தது என்று தெரியும். தென்கிழக்கு ஆசியாவில் தோன்றிய சிவிஐஈடி (அந்த ஐந்து அமினோ அமிலங்களின் எழுத்துச் சுருக்கம்) வகைதான் ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பரவியது. இந்தியாவில் அதிகம் காணப்படுவது எஸ்விஎம்என்டி வகை. மலாவி 1993இல் குளோரோகுயினைக் கைவிட்டது, சில ஆண்டுகளில் எதிர்ப்பில்லாத ஒட்டுண்ணி திரும்பிவந்து பெரும்பான்மையானது.

கெல்ச்13 மரபணுவில் இதற்கு மாறான ஒரு பாடம் இருக்கிறது. 2014இல் ஆர்டிமிசினின் எதிர்ப்போடு இது தொடர்புபடுத்தப்பட்டது. அதன் 580ஆம் இடத்தில் வரும் சி580ஒய் மாற்றம் கம்போடியாவிலிருந்து அண்டை நாடுகளுக்குப் பரவியது. பிறகு ருவாண்டாவில் ஆர்561எச் மாற்றம் தென்பட்டபோது, ஆசியாவிலிருந்து வந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. அந்த மரபணுவைச் சுற்றியுள்ள பகுதியை ஒப்பிட்டுப் பார்த்ததில் அது உள்ளூரிலேயே தோன்றியது என்று தெரிந்தது. மாற்றம் ஒன்றுதான் என்பதால் பூர்வீகமும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள், சுற்றுப்புறத்தைப் படித்த பிறகே சொல்லுங்கள்.

பத்தாம் படி: வைவாக்ஸ் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்

நோய் குறைந்தால் பன்மையும் குறைய வேண்டும் என்ற ஃபால்சிபாரம் விதியை வைவாக்ஸில் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். இலங்கையில் 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூர் மலேரியா இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று தந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், பரவல் சரிந்துகொண்டிருந்தபோதே எடுத்த இலங்கை வைவாக்ஸ் மாதிரிகளை மியான்மர், எத்தியோப்பிய மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகள் குறைந்திருந்தும் இலங்கை ஒட்டுண்ணிகளின் பன்மை உயர்ந்தே இருந்தது.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. வைவாக்ஸ் கல்லீரலில் உறங்குகிறது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கொசுக்கள் கடித்துப் போட்ட வகைகள் ஒருவர் உடலில் சேர்ந்து கிடந்து, பிறகு ஒன்றாக எழும்போது கலப்புத் தொற்றாகத் தெரிகின்றன. ரத்தத்தில் கண்டது போன வாரக் கடியா, போன ஆண்டுக் கடியா என்று அந்தத் துளி சொல்லாது. மறுபடி வந்த காய்ச்சலில் வேறு வரிசை தெரிந்தால் ‘புதுத் தொற்று’ என்று எழுதவும் முடியாது, உறங்கிய இன்னொரு வகை எழுந்திருக்கலாம். சென்னை போல வைவாக்ஸ் மிகுந்த, வெளியூர்த் தொழிலாளர்கள் நிறைய வந்துபோகும், ஸ்டீபன்சி கொசு மாடித்தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் நகரத்தில் வேலை செய்பவர்கள் இதை ஒவ்வொரு வரியிலும் நினைவில் வைக்க வேண்டும்.

பதினொன்றாம் படி: எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

எத்தனை மாதிரி எடுத்தீர்கள், எத்தனை பிசிஆரில் தோற்றன, எத்தனை கலப்பு என்று நீக்கினீர்கள், எந்தக் கணக்குக்கு எத்தனை மிஞ்சின என்ற அட்டவணையை முதல் பக்கத்திலேயே கொடுங்கள். அல்லீல் தரவை முழுதாக வெளியிடுங்கள், ஆனால் நோயாளியை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு. சின்ன ஊர் ஒன்றில் வயதும் தேதியும் தொழிலும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கட்டிடத் தொழிலாளிகளிடம் வெளியூர் வகை தெரிந்தால் ‘அவர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள்’ என்று செய்தியாகும்படி எழுதாதீர்கள். கொசு வளரும் தண்ணீர்த்தொட்டி அந்தக் கட்டிடத்தில் இருந்தது என்பதும் அதே தரவில்தான் இருக்கிறது.

கடைசி வேலை ஒன்று உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. மாதிரி எடுத்துக்கொடுத்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், வீடு வீடாகப் போய் ஸ்லைடு போட்ட களப்பணியாளருக்கும் அரைப்பக்கத்தில் முடிவை எழுதிக் கொடுங்கள். அவர்களுக்கு எஃப்.எஸ்.டி. வேண்டாம். ‘இந்தத் தெருவில் வந்த ஆறு பேரிடமும் ஒரே ஒட்டுண்ணி, இங்கேயே பரவியிருக்கிறது, சுற்றியுள்ள தொட்டிகளைப் பாருங்கள். அடுத்த தெருவில் வந்தது வேறு வகை, அவர் ஊருக்குப் போய் வந்த தேதியோடு பொருந்துகிறது’ என்று எழுதினால் மறுநாள் காலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.